பிள்ளைகளை அனுப்பிவிட்டு மலையில் தங்கிய அம்மா

ஆரணிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியை கேட்டிருக்கிறார். மகளிர் தினப் பேச்சுக்காக, வேலூர் டாக்டர் பால் பிராண்டின் அம்மா ஈவ்லின் பிராண்டைப் பற்றி எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாராம். லண்டன் வசதியான வீட்டுப் பெண், கொல்லிமலைக்கு வந்து குடிசை மக்களோடு வாழ்ந்து, தொண்ணூற்றைந்து வயதில் இங்கேயே மண்ணானவர் என்று முடிப்பதற்குள் ஒரு மாணவி எழுந்து, "தான் பெத்த பிள்ளைங்கள லண்டன்ல விட்டுட்டு வந்து ஊரார் பிள்ளைங்கள வளர்த்தவங்க எப்படி டீச்சர் நல்ல அம்மா?" என்று கேட்டுவிட்டாள். அது உண்மையா, உண்மையென்றால் அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது, மகன் தொழுநோயாளிகளுக்காக உழைத்ததற்கு இந்த அம்மாதான் காரணமா என்று கேட்கிறார்.

டீச்சர், நீங்கள் மூன்று கேள்வி கேட்டாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மகன் பெரிய ஆளாகிவிட்டதால் அம்மா செய்தது எல்லாம் சரி என்று சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது என்பதுதான் என் பதில். அதே சமயம், அவரை 'பால் பிராண்டின் அம்மா' என்று மட்டும் பார்த்தால், அவருடைய வாழ்க்கையின் பெரிய பாகம் நம் கண்ணுக்கே படாமல் போய்விடும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலூர் வட்டாரத்தில் தொழுநோயால் கை மடங்கிப்போனவர்களுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் பயிற்சி கொடுப்பதே என் வேலையாக இருந்தது. பிராண்டிடம் நேராக வேலை கற்றவர்கள் எனக்கு ஆசிரியர்கள். ஈவ்லின் அம்மையாரை நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது மகன் எழுதியதும் பேசியதும், பெரியவர்கள் வாயிலாகக் கேட்டதும்தான். மகன் தன் அம்மாவைப் பற்றிச் சொல்வதில் பாசம் கலந்திருக்கும், பெரியவர்கள் சொல்வதில் பக்தி கலந்திருக்கும். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் சந்தேகமில்லாத செய்திகள். ஈவ்லின் 1879இல் லண்டனில், நிறைய பிள்ளைகள் இருந்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஓவியம் கற்றவர், நன்றாகவே வரைவார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, அந்தக் காலக் கணக்கில் கல்யாண வயதெல்லாம் போய்விட்டது என்று ஊர் முடிவுகட்டிய பிறகு, கிறிஸ்தவ மிஷன் பணிக்காக மதராசுக்குக் கப்பலேறினார். பின்னாளில் அவருக்குக் கணவரான ஜெஸ்ஸி பிராண்ட் அவருக்கு முன்பே, 1907இல், இந்தியா வந்துவிட்டவர். வீடு கட்டும் தொழில் தெரிந்தவர், வெப்பமண்டல நோய்களுக்கு ஓரளவு வைத்தியமும் படித்தவர். ஈவ்லினைவிட ஆறு வயது இளையவர். 1913இல் இருவருக்கும் கல்யாணம், கொல்லிமலையில் குடித்தனம். 1914 ஜூலை 17இல் பால் அந்த மலையிலேயே பிறந்தார். அப்புறம் ஒரு பெண் குழந்தை, கோனி.

கல்யாணமான நாளே மலையேறினார்கள், டோலி தூக்குகிறவர்கள் சரியாக வராததால் மணப்பெண் மழையில் நடந்தே ஏறினார் என்று ஒரு கதை உண்டு. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்தது அது. நடந்திருக்கக் கூடியதுதான், ஆனால் வகுப்பில் 'சொல்வார்கள்' என்று சேர்த்தே சொல்லுங்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. அன்று கால்தடம்தான். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்த மலைக்கு வெள்ளைக்காரர்கள் வரப் பயந்தது காய்ச்சலுக்காக. ஏறுகிறவன் காய்ச்சலோடுதான் இறங்குவான் என்ற நிலை.

அங்கே என்ன செய்தார்கள்? மதம் பரப்பத்தான் போனார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல வருஷம் ஒருவரும் மதம் மாறவில்லை. வைத்தியம், பள்ளிக்கூடம், தச்சு வேலை, பழ மரம் வைப்பது என்று மற்ற வேலைகளே நாளை நிரப்பின. வைத்தியத்தில் பெரும்பகுதி நரம்புச் சிலந்தி என்ற புழு நோய்க்கு. இப்போதைய பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியாது, எனவே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். படிக்கட்டு வைத்த கிணற்றிலும் குட்டையிலும் காலை நனைத்துத் தண்ணீர் எடுப்பார்கள். ஏற்கெனவே நோயுள்ளவரின் காலில் இருக்கும் கொப்புளம் தண்ணீரில் பட்டவுடன் புழு தன் குஞ்சுகளை விடும். அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி விழுங்கும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்புக்குள் ஒரு வருஷத்தில் முழங்கை நீளத்துக்கும் மேல் புழு வளர்ந்து, காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வேகமாக இழுத்தால் அறுந்து உள்ளே போய்ச் சீழ் வைக்கும். ஒரு சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பல நாள் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். அப்பா அப்படிச் சுற்றி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த நினைவை பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். ஜெஸ்ஸி குச்சியோடு நிற்கவில்லை, யாரும் காலை நனைக்க முடியாதபடி கிணற்றுக்குச் சுவர் எழுப்பினார். இந்தியா முழுக்க அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000இல்தான். ஒழித்த வழி முக்கியமாக இதேதான், குடிதண்ணீரைக் காப்பது.

முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் வந்த விஷக்காய்ச்சலில் மலையில் பல பேர் செத்தார்கள். இவர்களை அதுவரை எதிர்த்துவந்த கோயில் பூசாரியும் படுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் பக்கத்தில் வரப் பயந்தபோது கஞ்சி எடுத்துக்கொண்டு போனது இந்தத் தம்பதிதான். அவர் சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார். ஈவ்லின் அந்தப் பெண்ணை மகளாக வளர்த்தார். அப்புறம் கைவிடப்பட்ட குழந்தைகள் ஒவ்வொன்றாக வீடு வந்து சேர்ந்தன. உங்கள் மாணவி 'ஊரார் பிள்ளைங்க' என்றது இவர்களைத்தான்.

இனி அவள் கேட்ட விஷயத்துக்கே வருகிறேன். ஆமாம், உண்மைதான். 1923இல் குடும்பமாக இங்கிலாந்து போனார்கள். விடுமுறை முடிந்ததும் பெற்றோர் மட்டும் திரும்பினார்கள். ஒன்பது வயதுப் பையனும் அவனுக்கு இளைய பெண்ணும் லண்டனில் கல்யாணமாகாத பெரியம்மா சித்திமார் வீட்டில் விடப்பட்டார்கள். மரம் ஏறித் திரிந்த பையன், ஓசைபடாமல் நடக்க வேண்டிய வீட்டுக்குள் வந்தான். வாரம் தவறாமல் கடிதம் வந்தது. அப்பாவை அவன் மறுபடி பார்க்கவேயில்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி, ரத்த அணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் நோய் அது. வயது நாற்பத்து நாலு. இறந்த செய்தி தந்தியில் லண்டனுக்குப் போய்விட்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த அப்பாவின் கடிதங்களோ, செய்திக்குப் பின்னும் சில வாரம் வந்துகொண்டே இருந்தன. மலையில் பார்த்த மரம், பூச்சி, பறவை பற்றி உற்சாகமாக எழுதிய கடிதங்கள். பையனுக்குப் பதினைந்து வயதுகூட முழுசாக ஆகவில்லை.

அதற்கடுத்து அம்மா லண்டன் வந்தார். பையன் மனதில் உயரமும் களையுமாக வைத்திருந்த அம்மாவுக்குப் பதில், கூனிப்போய் நரைத்த ஒரு பெண் கப்பலிலிருந்து இறங்கினாராம். இவரா என் அம்மா என்று திகைத்ததைப் பிற்பாடு மகனே எழுதினார். ஒரு வருஷம் போல இருந்துவிட்டு, எல்லோரும் தடுத்தும் கேளாமல், ஈவ்லின் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார்.

இதை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. காலத்தின் வழக்கம் என்று ஒன்றும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரக் குடும்பங்கள், அதிகாரியானாலும் பாதிரியானாலும், ஏழெட்டு வயதில் பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பினார்கள். படிப்பு ஒரு காரணம், காய்ச்சலுக்குப் பறிகொடுக்கும் பயம் இன்னொரு காரணம். நம் ஊரிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய அம்மா சோபியாவும் பருவ வயது மகளை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, இந்தியாவில் இருந்த கணவரிடம் வந்தவர்தான். அந்தப் பிரிவு ஐடாவை எவ்வளவு புண்படுத்தியது என்றால், இந்தியாவே வேண்டாம் என்று இருந்தவர் அவர். கடைசியில் அதே அம்மா முதுமையில் வேலூரில் மகளோடு வாழ்ந்து இங்கேயே காலமானார். வேலூரின் பெயரை உலகுக்குத் தெரியவைத்த இரண்டு மருத்துவர்களும், அம்மா விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். எனக்கு இது சாதாரணச் செய்தியாகத் தோன்றவில்லை. இருவருமே திரும்பி வந்தார்கள் என்பதால் பிரிவு நல்லதாகிவிடாது. திரும்பி வராத பிள்ளைகளின் கதையை யாரும் புத்தகமாக எழுதுவதில்லை.

உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் அப்பா சவுதியிலும் குவைத்திலும் இருக்கிறார், எத்தனை பேரின் அம்மா நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போயிருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் இது வீட்டுக்கு வீடு உண்டு. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை ஒருத்திதான் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாளோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அவளுக்குச் சொல்ல வேண்டியது: நீ கேட்டது சரி, அந்தப் பையனுக்கும் வலித்தது, அதைப் பெரியவனாகி அவரே சொன்னார், அம்மாவுக்கும் வலித்தது. ஆனால் விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம் என்று ஒதுக்குவதும் ஒன்றல்ல. இதற்கு மேல் அந்த அம்மா மனதுக்குள் என்ன நினைத்தார் என்று நாம் கற்பனையாகச் சொல்லக் கூடாது.

மகனின் வேலைக்கு அம்மா காரணமா என்ற கேள்விக்கு, பேச்சுப் போட்டிகளில் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பால் பிராண்ட் தன் சிறுவயது நினைவு ஒன்றை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கொல்லிமலை வீட்டுக்கு ஒருநாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டினார். அம்மா கூடையில் உணவு கொண்டுவந்து வைத்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடையை யாரும் தொடக் கூடாது, எரித்துவிட வேண்டும் என்றாயிற்று. அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக் கூடாது என்றும் உத்தரவு. வேறு எந்த நோயாளியிடமும் முகம் சுளிக்காத வீட்டிலேயே இந்த நோய்க்குப் பயம் இருந்தது. மருந்தே இல்லாத காலம், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் தொழுநோய்ப் பணி அம்மா மடியிலேயே தொடங்கியது என்ற கதை இதோடு பொருந்தாது.

பால் பிராண்டைத் தொழுநோய்ப் பக்கம் திருப்பியவர் செங்கல்பட்டில் பணியாற்றிய தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன். 1946இல் வேலூருக்கு வந்த பிராண்டை அவர் தன் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். இத்தனை எலும்பு மருத்துவர்கள் இருந்தும் இந்தக் கைகளை ஏன் ஒருவரும் பார்ப்பதில்லை என்று கேட்டார். கை மடங்கிப்போன ஒருவரைத் தன் கையைப் பிடிக்கச் சொன்ன பிராண்ட், அந்தப் பிடியின் வலுவில் திகைத்தார். தசை சாகவில்லை, விரலை நிமிர்த்தும் சிறு தசைகளுக்குப் போகும் நரம்புதான் செத்திருக்கிறது என்று புரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பிறகு எங்கள் வேலை. விரலை மடக்க நமக்கு இரண்டு தசைநாண் உண்டு. ஒரு விரலிலிருந்து ஒன்றை எடுத்து, நாலாகப் பிரித்து, நாலு விரலுக்கும் கோர்த்துத் தைப்பார்கள். சில வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த அன்று நோயாளிக்குத் தன் விரல் தன் பேச்சைக் கேட்காது. மோதிர விரலை மடக்குவதாக நினையுங்கள் என்போம். அவர் நினைப்பார், நாலு விரலும் முட்டியில் சேர்ந்து மடங்கும். தொட்டால் தெரியாத கை என்பதால் கண்ணால் பார்த்தேதான் பழக வேண்டும். முதல்முறை சோற்றை அள்ளி வாயில் வைக்கும்போது அழாத ஆள் குறைவு.

மருத்துவம் படிக்கும் முன் நாலைந்து வருஷம் பிராண்ட் கட்டட வேலையும் தச்சும் கற்றார். அப்பா போன வழி அது. நோய் தணிந்தும் ஊர் ஏற்காதவர்களுக்காக 1951இல் வேலூரில் அமைந்த நவஜீவ நிலையத்தில் அந்தத் தச்சு அறிவு நேரடியாகப் பயன்பட்டது. மரவேலை செய்யும்போது கையில் எங்கே காயம் படுகிறது என்று பார்த்துத்தான், விரல் அழுகுவது நோயால் அல்ல, வலி தெரியாததால் படும் காயங்களால் என்பதை உறுதிசெய்தார்கள். இரவில் எலி கடித்தும் தெரியாமல் தூங்கியவர்கள் உண்டு. அதற்காகவே வீட்டுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். ஆகவே அப்பாவின் தொழில், காக்ரேனின் கேள்வி, வேலூரின் குழு, நோயாளிகளின் பொறுமை என்று பல கை சேர்ந்தது அந்த வேலை. அம்மாவிடமிருந்து மகனுக்கு வந்தது விடாப்பிடி என்று வேண்டுமானால் சொல்லலாம். அது என் அபிப்பிராயம், நிரூபிக்க முடியாது.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புவது. ஈவ்லின் பிராண்டின் தனி வாழ்க்கை, மற்றவர்கள் அவரை முடிந்துபோனவராகக் கருதிய பிறகுதான் தொடங்குகிறது. விதவையாகத் திரும்பியவரைத் தனியாக மலைக்கு அனுப்ப மிஷன் தயங்கியது, சமவெளியிலேயே வைத்திருந்தது. எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு கொடுத்தார்கள். இன்னும் ஒரு வருஷம் கேட்டும் கிடைக்கவில்லை. பிரிவுபசார விருந்தை வாங்கிக்கொண்டு, மிஷனிலிருந்துதான் ஓய்வு, நான் மலைக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். சுதந்திரம் வந்த சமயம், வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, சித்தேரி, பெரியமலை ஆகிய ஐந்து மலைகளிலும் வேலை செய்ய வேண்டும் என்று கணவரும் மனைவியும் சேர்ந்து நினைத்திருந்தார்கள். அதை அவர் ஒண்டியாக, மட்டக்குதிரை மேல் ஏறி, அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் செய்தார். நம் ஜவ்வாது மலை அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் அங்கிருக்கும் அதே மலையாளி பழங்குடியினர்தான் அந்த மலைகளிலும்.

எழுபத்தைந்து வயதில் மலையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கத் தனியாகக் கிடந்தார். காலையில் வேலையாள் பார்த்து, கட்டிலில் வைத்து நாலு பேர் சுமந்து கீழே கொண்டுவந்தார்கள். அப்புறம் ஜீப்பில் நெடுந்தூரம். மகன் எலும்பு மருத்துவர், எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். இந்த உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்யப்போகிறேன் என்ற பொருளில் அம்மா பதில் சொன்னார், மலைக்கே போனார். இரண்டு மூங்கில் கழி ஊன்றித்தான் நடை. கடைசி இருபது வருஷம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. ஓவியக்காரி, அழகு தெரிந்தவர், அதனால் இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மலை ஊரொன்றில் தாழ்ந்த கற்சுவரில் அவர் உட்கார்ந்திருக்க, சுற்றி ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காட்சியை மகன் ஆசையோடு எழுதியிருக்கிறார். தொண்ணூற்று மூன்று வயதில் குதிரையை விட்டார். அதன்பின் மலைக்காரர்களே தூளியிலும் கட்டிலிலும் ஊர் ஊராகத் தூக்கிப்போனார்கள்.

மலையிலிருந்து நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு மகனிடம் வேலூருக்கு வருவார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இது உண்மையா என்று எனக்கு உறுதியில்லை, இதை மட்டும் நான் கேள்வியாகவே வைக்கிறேன்.

உங்கள் பேச்சுக் குறிப்பில் இரண்டு இடம் திருத்த வேண்டும். அவர் அடக்கமானது வேலூரில் இல்லை, கொல்லிமலை வாழவந்தியில், கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில். 1974 டிசம்பரில் இறந்தவரை, அவர் கேட்டுக்கொண்டபடியே பெட்டி இல்லாமல், பழைய பருத்தித் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். மகன் அப்போது வேலூரில் இல்லை, 1966லேயே அமெரிக்காவுக்குப் போய் லூசியானா மாநிலம் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2003இல் சியாட்டிலில் காலமானார். அதனால் 'மகனின் மடியில் உயிர் நீத்தார்' என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். கூடையை எரித்த சம்பவத்தை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும்.